கால் அங்குலத் தேக்கு

என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்க ஆசைப்பட்டபோது ஆளாளுக்கு இதை எனக்கு ஞாபகப்படுத்தினார்கள். அப்போது எங்கள் கைக்குக் கிடைத்த கிட்டார் எல்லாம் ஜம்போ. மடியில் வைத்தால் மார்பு முழுவதையும் மறைக்கும். அதன் அகன்ற கீழ்ப்பாகத்தைத் தாண்டிக் கையைக் கொண்டுபோய்க் கம்பியைத் தொடுவதற்குள் என் வலது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறிவிடும். இரண்டு பாட்டு முடிவதற்குள் விரல் மரத்துப்போகும்.

வாரத்தில் ஆறு நாளும் நான் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டிராயிங் போடுகிறவள். என் கோடுகளுக்குக் கீழே வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குழுவில் கோரஸ் பாடுவேன். கோரஸ் என்றால் மூன்று பெண்கள் வரிசையாக நின்று 'ஆ' என்று சொல்வது, அவ்வளவுதான். குழுவில் கிட்டார் வாசித்தவர் துபாய்க்கு வேலைக்குப் போனதும் அவருடைய நாற்காலி காலியானது. படிக்கிற காலத்தில் நான்கு வருடம் விரல் காய்க்கக் காய்க்க வாசித்தவள் நான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். தன்மையான மனிதர், மறுப்பதைக்கூட மரியாதையாகத்தான் மறுப்பார்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்? அந்தப் பொட்டி உங்களையே தூக்கிட்டுப் போயிருமுங்க."

"நம்ம அளவுக்குச் சின்னதா ஒண்ணு செஞ்சுக்கறனுங்க."

"சின்னப் பொட்டில சின்னச் சத்தந்தானுங்க வரும். கல்யாண மண்டபத்துல கடைசி வரிசைக்குக் கேக்கோணும்ல?"

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொன்னேன். பழமொழி மைக்கில் வருமா என்று கேட்டார். நான் விடுவதாக இல்லை. அவர் பேசப் பேச நானும் பேசினேன். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. ஆறு வாரம் கழித்துத் திருப்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன் இருந்தது. அன்றைக்கு ஒருநாள் வாசிக்கலாம், கடைசி வரிசைக்குக் கேட்டால் நாற்காலி எனக்கு, கேட்காவிட்டால் அவர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார், நான் மறுபடி இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

எங்கள் கம்பெனியின் பேட்டர்ன் ஷாப்பில் ஒருவர் இருந்தார். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து மணலில் பதிப்பார்கள். அந்த மர வடிவத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். அவர் கோட்டைமேட்டுக்காரர், என் வயதுதான். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். நான் போட்ட டிராயிங்கில் தப்பு இருந்தால் ஆள்விட்டுக் கூப்பிட்டுச் சிரிப்பார். கிட்டார் என்றதும் அவர் சிரிக்கவில்லை. "டிராயிங் குடுங்க மேடம், செஞ்சு போடலாம்" என்றார்.

முழு அளவில் டிராயிங் போட்டேன். ஜம்போவின் அகலத்தில் இரண்டரை அங்குலத்தைக் குறைத்து, ஆழத்தில் ஓர் அங்குலத்தைக் குறைத்து, இடுப்பை நன்றாக ஒடுக்கினேன். என்னிடம் வயிறு உடைந்த பழைய கிட்டார் ஒன்று இருந்தது. அதன் கழுத்தைக் கழற்றிப் புது உடம்பில் மாட்டுவது என்று திட்டம். பக்கங்களுக்கும் முதுகுக்கும் உக்கடம் பழைய சாமான் கடையில் ஈட்டி மர பீரோக் கதவு ஒன்று கிடைத்தது. விரலால் தட்டினால் கிண்ணென்று கேட்கும். மேல் பலகைக்கு எந்த மரம் என்ற கேள்வியே எங்களுக்கு வரவில்லை. தேக்கு இருக்கும்போது வேறு மரத்தைப் பற்றி எங்கள் ஊரில் யார் பேசுவார்கள்?

வேலை நடந்தபோது ஒருநாள் நான் அவருடைய ஸ்கேலைப் பிடுங்கினேன். இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் பேட்டர்ன்காரர்களின் ஸ்கேல் கொஞ்சம் நீட்டிப் போட்டது. அதில் ஓரடி என்பது நிஜ அடியைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அதிகம். அதை வைத்துக் கம்பி கட்டும் இடத்தைக் குறித்திருந்தால் ஒரு சுருதியும் சேர்ந்திருக்காது. நல்லவேளை பிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் பெருமையடித்துக்கொண்டேன். பெரிய தப்பு என் டிராயிங்கிலேயே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் கம்பி மாட்டினோம். கண்ணுக்கு அழகென்றால் அப்படி ஓர் அழகு. கம்பியை மீட்டினேன். டொக் என்றது. மறுபடி மீட்டினேன். மேஜையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்த மாதிரி சத்தம் பிறந்த இடத்திலேயே செத்தது.

"என்னுங்க பாய் இது?"

"ஏறி நின்னாலும் ஒடையாதுங்க மேடம்."

"ஏறி நிக்கறதுக்கா கேட்டேன்?"

அவர் முகம் சுண்டிப்போனது. டிராயிங்கை எடுத்து என் முன்னால் விரித்தார். "மேல் பலகை கால் அங்குலம்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. உள்ள முட்டுக் குடுக்கற அஞ்சு ரிப்பும் நீங்க போட்டதுதான்" என்றார். உண்மைதான். எங்கள் கம்பெனியில் சந்தேகம் வந்தால் தடிமனைக் கூட்டு என்பதுதான் பாடம். பம்பு அதிரக் கூடாது, அதிர்ந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். பத்து வருடம் அதிராத சாமானாக வரைந்து பழகிய கை, கிட்டாரையும் அதிராமல் பார்த்துக்கொண்டது. வீட்டில் அம்மா ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "அருவாமனையத் தட்டுனாக்கூட இதவிட நல்லாக் கேக்கும் கண்ணு" என்றாள்.

அடுத்த ஞாயிறு, தடிமன் அளக்கிற வெர்னியரோடு பயிற்சிக்குப் போய், அங்கே இருந்த குழுவின் ஜம்போவின் நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பை அளந்தேன். மோட்டார் கழற்ற வந்தீர்களா என்று கீபோர்டுக்காரர் கேலி செய்தார். மேல் பலகை ஒரு நூல்கூட இல்லை. நான் போட்டதில் பாதிக்கும் குறைவு. நீளத்தையும் அகலத்தையும் நூறு தடவை அளந்தவள், கையெட்டும் தூரத்தில் இருந்த தடிமனை ஒரு தடவை அளக்கவில்லை. என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மரமும் மாறியாக வேண்டும். தேக்கு கனம், அதை ஆட்டி வைக்கக் கம்பிக்குத் தெம்பு போதாது. கிட்டார் முகத்துக்கு எடை குறைந்த, ஆனால் நார் விறைப்பான மரம் வேண்டும். மதிய இடைவேளைகளில் கண்ணில் பட்ட பலகையை எல்லாம் தட்டிப்பார்த்தேன். கம்பெனியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைசியில் அது வாட்ச்மேனின் டீ அடுப்புக்குப் பக்கத்தில் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து லேத் மெஷின் வந்த பாக்கிங் பெட்டி, விறகுக்காக உடைத்துப் போட்டிருந்தார்கள். வெளிறிய பைன் பலகை, நெருக்கமான நேர்க்கோடுகள், எங்கோ ஒன்றிரண்டு கணுக்கள். ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினேன். பாடியது.

கணு இல்லாத இரண்டு துண்டுகளைத் தூக்கிக்கொண்டு பேட்டர்ன் ஷாப்புக்கு ஓடினேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல தேக்கப் பேத்துப்போட்டு வெறகக் கட்டச் சொல்றீங்க."

"ஆமாங்க."

"ஒடஞ்சா எங்கிட்ட வரக் கூடாது."

"ஒடஞ்சா நாலாவது கிட்டாருக்கு டிராயிங் போடுவேன்."

"இது ரெண்டாவதுதானுங்களே?"

"மூணாவதும் ஒடையலாம்னுதான் சொல்றேன்."

அப்போதுதான் அவர் பழையபடி சிரித்தார். தேக்கைப் பெயர்த்தோம். இரண்டு பைன் துண்டுகளையும் நடுவில் ஒட்டி, இழைப்புளி போட்டு, உப்புத்தாள் போட்டு, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக அவர் தேய்த்துக்கொண்டே போனார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று திறந்துகொண்டது. நிறுத்தச் சொன்னேன். ரிப்புகளையும் பென்சில் கனத்துக்குக் குறைத்தோம்.

இந்த முறை கிட்டார் பேசியது. மெல்லிய கம்பிகள் கணீரென்று ஒலித்து வெகுநேரம் நின்றன. ஈட்டி மர முதுகு அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஆனால் தடித்த கம்பியை மீட்டினால் ஜம்போவுக்கு வருகிற அந்த 'தும்' வரவே இல்லை. ரிசப்ஷனுக்கு நான்கு நாள்தான் இருந்தது. பயிற்சிக்கூடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன். ஜம்போ அறையை நிறைத்தது. என்னுடையது பக்கத்தில் நின்று பார்த்தது. சின்னப் பெட்டியில் சின்னச் சத்தம்தான் என்று கீபோர்டுக்காரர் வாய் திறந்து சொல்லவில்லை, அதனால் எனக்கு அழுகை இன்னும் அதிகமாக வந்தது. பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பாயிடம் போய் மரத்தைத் திட்டினேன்.

"மரத்த வையாதீங்க மேடம்" என்றார் அவர். "அரை ஹெச்பி மோட்டார் போட்டு அஞ்சு ஹெச்பி தண்ணி கேட்டா எங்க போறது?"

அவர் சொன்னது எனக்குச் சுரீரென்று உறைத்தது. பம்பு வரைகிறவளுக்குப் போய் இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 'தும்' பெரிய வயிற்றில் அடைபட்ட காற்றிலிருந்து வருவது. வயிற்றைக் குறைத்தவள் நான், எந்த மரத்தைப் போட்டாலும் அது வராது. ஆனால் தண்ணீர் கொஞ்சமாகக் கொடுத்தாலும் மூன்றாவது மாடித் தொட்டிக்கு ஏற்றிவிடுகிற பம்பு உண்டு, நானே வரைந்திருக்கிறேன். என் கிட்டார் அந்த ஜாதி. அதைப் போய் வயலுக்குப் பாய்ச்சச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த நாட்களில் வாசிப்பையே மாற்றினேன். தடித்த இரண்டு கம்பிகளைத் தொடுவதை விட்டேன். ஜம்போவைப் போல வாரி அடிப்பதை விட்டு, மெல்லிய கம்பிகளில் ஒவ்வொரு தாளத்தையும் நறுக்கென்று வைத்துப் பழகினேன். தோள் ஏறவில்லை, விரல் மரக்கவில்லை. என் உடம்புக்கு அளந்து செய்த பெட்டியல்லவா.

திருப்பூர் மண்டபத்தில் கடைசி வரிசை, பந்தி நடக்கிற ஹாலின் வாசலை ஒட்டி இருந்தது. பாயும் அவர் மனைவியும் அங்கேதான் போய் உட்கார்ந்தார்கள். மேடையில் எனக்கு ஒரு மைக், ஒரு நாற்காலி. முதல் பாட்டில் டிரம்மும் பேஸ் கிட்டாரும் கீபோர்டுக்காரரின் இடது கையும் சேர்ந்து கீழ்ச்சத்தம் முழுவதையும் அடைத்துக்கொண்டன. ஜம்போ அங்கே இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் தொலைந்திருக்கும். அதற்கு மேலே எனக்கென்று இடம் காலியாகக் கிடந்தது. அங்கே போய் வாசித்தேன். இரண்டாவது பாட்டு நடக்கும்போது பாய் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, பேட்டர்ன் அளவு சரியாக இருந்தால் காட்டுவாரே, அதே மாதிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கீபோர்டுக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"அம்மணி, நாற்காலியக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டுக்குங்க. மைக்குல உங்குளுதுதான் கேக்குது, என்ற கீபோர்டே கேக்க மாட்டேங்குது."

"எந்த நாற்காலியைங்க?" என்று கேட்டேன்.

அவர் வாசித்துக்கொண்டே சிரித்தார். "உங்க நாற்காலியத்தானுங்க" என்றார்.

நான் அதை ஒரு நூல்கூட நகர்த்தவில்லை.