எல்லா வரிசையும் சீதா

தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் பெயரை யாரோ நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் ஒரு புல்தரை. காலைச் சமையல் முடிந்ததும் பெண்கள் கயிற்றுக் கட்டில்களை வெயிலில் இழுத்துப் போட்டு, முதுகைச் சூரியனுக்குக் காட்டியபடி கம்பளி பின்னுவார்கள். கை பாட்டுக்கு ஊசிகளை ஆட்டும். கண் மட்டும் போகிற வருகிறவர்கள் மேல் இருக்கும். நான் துணி உலர்த்தப் போனால் பேச்சு தாழும். பிறகு ஒருத்தி, "தோ சீதா, தோ உல்டா" என்பாள். இன்னொருத்தி தலையாட்டி அதையே திருப்பிச் சொல்வாள். 'தோ' என்றால் இரண்டு, 'உல்டா' என்றால் தலைகீழ் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. என் பெயர் சீதா. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மத்திய சர்க்கார் குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டாவது சீதா யார், என்னை ஏன் தலைகீழாக்குகிறார்கள் என்று துணியைப் பிழியப் பிழிய யோசிப்பேன். எங்கள் பக்கம் இந்தி எழுத்தில் தார் பூசியது இவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? 'மதராஸி' என்று காதில் விழுந்தாலே முதுகு விறைத்துக்கொள்ளும்.

சந்தேகப்பட நான் தில்லியில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா இறந்தபின் நிலத்தை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். கோட்டையில் ஆட்சி மாறி, ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. குத்தகைக்குப் பயிர் செய்கிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்றார்கள். ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் உச்சவரம்பைக் குறைத்தார்கள். எங்கள் வயல்களுக்குப் போகும் பாதையில் கொடிகள் முளைத்தன. அறுவடைக்கு ஆள் வராமல் கதிர் சாய்ந்து கிடந்த நாளும் உண்டு. ஒரு பகலில் எங்கள் வைக்கோல்போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணனுக்கு மட்டும் தெரிந்திருந்தது: கோரையாற்றங்கரை நிலத்தை அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்துவந்த செல்லையன்தான். சாட்சி என்ன என்று அண்ணி கேட்டதற்கு அண்ணன் சொன்னார்: "முன்னெல்லாம் என்னப் பாத்தா துண்டு தானா இடுப்புக்கு எறங்கும். இப்ப தோள்லயே கெடக்கு. வேற என்ன சாட்சி வேணும்?" அண்ணனுக்கு மார்கழியில் இழுப்பு வரும். அந்த வருடம் இழுப்போடு சந்தேகமும் சேர்ந்து அவரைத் தூங்கவிடவில்லை.

பக்கத்து வீட்டு பல்பீர் கௌருக்கு நாற்பது வயதிருக்கும். தேசம் இரண்டானபோது லாகூர்ப் பக்கத்து நிலத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். ஒருநாள் நான் கேட்காமலே ஒரு நூலுருண்டையையும் இரண்டு ஊசிகளையும் என் மடியில் போட்டாள். பழைய ஸ்வெட்டரைப் பிரித்த பழுப்பு நூல், நெளிநெளியாக இருந்தது. யார் போட்டிருந்த ஸ்வெட்டரோ, உயிரோடுதான் இருக்கிறாரோ என்று முகர்ந்து பார்த்தேன். சாயங்காலம், பெண்கள் என் பெயரையே சொல்லிக்கொண்டிருப்பதை என் கணவரிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது உன் பேரு இல்லடி. சீதான்னா நேர்ப்பின்னல், உல்டான்னா மறுபக்கப் பின்னல்."

ஊசியில் அறுபது நூல்கண் ஏற்று, எல்லா வரிசையையும் சீதாவாகவே போடு, சால்வை தானாக வரும் என்று பல்பீர் விரலால் காட்டினாள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றவேண்டும். அப்போதுதான் ஓரம் நேராக நிற்கும். நூலை இறுக்கக் கூடாது. எனக்கு இறுக்கத்தான் வந்தது. மறுநாள் நான் பால் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் என் பின்னலில் எட்டு வரிசையைக் காணோம். பல்பீர் பிரித்துவிட்டிருந்தாள். நான் கத்தினேன், தமிழில். அவள் அமைதியாக, "ஃபந்தா கிர் கயா" என்றாள். ஒரு கண் ஊசியிலிருந்து நழுவிவிட்டதாம். ஃபந்தாவுக்குச் சுருக்கு, தூக்குக் கயிறு என்றெல்லாம் அர்த்தம் உண்டு என்று கணவர் சொன்னதும் எனக்கு அவள் மேல் இன்னும் கொஞ்சம் பயம் வந்தது. ஆனாலும் விடவில்லை. அடுத்த மார்கழிக்குள் அண்ணனுக்கு அந்தச் சால்வையை அனுப்பிவிட நினைத்தேன்.

சால்வை ஒரு முழம் வளர்ந்திருந்தபோது அண்ணனிடமிருந்து பதிவுத் தபாலில் காகிதங்கள் வந்தன. உச்சவரம்புக்குத் தப்ப, கோரையாற்றங்கரை நிலத்தை அப்பா எனக்கு விட்டுப்போன பங்காகக் காட்டி என் பெயருக்கு எழுதப்போகிறாராம். தாசில்தாருக்குக் கொடுக்கும் வாக்குமூலத்தில் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் நான் கையெழுத்துப் போட்டால் போதும். "போட்டு அனுப்பு. ஒங்க அண்ணன் நம்மள மாட்டி விடுவாரா?" என்று கணவர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். வாக்கியங்கள் நீளநீளமாக இருந்ததால் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். பல்பீர் தன் கட்டிலில் பின்னிக்கொண்டிருந்தாள். தமிழில் ஒரு சொல் அறியாதவள். ஆனால் அவள் ஊர் நிலக் காகிதங்களிலும் இருந்த தாசில்தார், பசலி, ஜமாபந்தி, வாரிசு என்ற சொற்கள் வரவர அவள் ஊசிகள் மெதுவாகின. நின்றே போயின. அவை நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"கேத்தி கௌன் கர்தா ஹை?" என்றாள். பயிர் செய்வது யார்?

"செல்லையன்."

எழுந்து வந்து காகிதத்தில் விரலை வைத்தாள். "செல்லையன் கஹாங்?" இதில் செல்லையன் எங்கே?

தேடினேன். இரண்டு பக்கத்திலும் அந்தப் பெயர் இல்லை. 'மேற்படி நிலத்தில் குத்தகைதாரர் எவரும் கிடையாது; என் சொந்தச் சாகுபடியிலேயே இருந்துவருகிறது' என்று இருந்தது. நாற்றங்கால் சேற்றில் ஒருநாளும் கால் வைக்காத நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போடவேண்டும். அப்போதும் முதலில் என் சந்தேகம் பல்பீர் மேல்தான் போனது. நிலத்தைப் பறிகொடுத்தவள், இன்னொருத்திக்கு நிலம் வருவது பொறுக்கவில்லையோ?

மூன்று நாள் காகிதம் அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தது. பிறகு கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்பினேன். நியாயத்துக்காகச் செய்தேன் என்று இன்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பாதிதான் நியாயம். மீதி, பொய் வாக்குமூலம் வெளியே வந்து கணவரின் சர்க்கார் வேலைக்கு வினையாகுமோ என்ற பயம். அண்ணன் பதில் போட்டார்: 'உனக்கு அங்கே யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மாப்பிள்ளையா? செல்லையன் ஆட்கள் யாராவது வந்து பார்த்தார்களா?' அந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. நான் சால்வையை முடித்து அடுத்த மார்கழி பிறக்குமுன் பார்சல் அனுப்பினேன். பெற மறுக்கப்பட்டது என்ற குறிப்போடு, அரக்கு முத்திரை உடையாமல் திரும்பி வந்தது. பல்பீர் அதைப் பிரித்துப் பார்த்தாள். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, நேராக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு என் தோளிலேயே போட்டுவிட்டாள்.

மறு வருடம் ஆனியில், ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு ஊருக்குப் போனேன். விசாரணை முடிந்து கோரையாற்றங்கரை நிலத்தின் பதிவேட்டில் செல்லையன் பெயர் ஏறியிருந்தது. அண்ணன் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணிதான் கூடத்தில் சாப்பாடு போட்டாள். "அந்தப் பார்சல்ல என்ன வச்சு அனுப்பினியோன்னு பயந்துதான் அவுக வாங்கல" என்றாள் மெதுவாக.

சாப்பிட்டதும் ஆற்றங்கரைக்கு நடந்தேன். செல்லையன் வாய்க்கால் மடையில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார், துண்டு தோளிலேயே இருந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன். அவரை அதுவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த 'நீங்க' அவர் முகத்தில் சந்தேகத்தைத்தான் கூட்டியது.

"இருக்கேம்மா. நீங்க அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடலயாமே?"

"போடல."

"ஏம்மா போடல?"

"உங்க பேரு அதுல இல்ல" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "கூடப் பொறந்தவர விட்டுட்டு எனக்காவ யாரும்மா செய்வா? அண்ணனும் தங்கச்சியும் வேற எதாச்சும் யோசிச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பயிர் வச்சப்புறம் வேணாம்."

அப்படி ஒன்றுமில்லை என்றேன். சரிம்மா என்றார், நம்பாமலே.

திரும்பி வரும்போது தூரத்தில் எங்கள் களத்து மேட்டில் அண்ணன் நிற்பது தெரிந்தது. நான் யாரோடு பேசினேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் செல்லையன் மண்வெட்டியை ஊன்றி, நான் யாரிடம் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் வாய்க்கால். செருப்பைக் கரையில் விட்டு இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர். காலில் சேறு அதிகம் இல்லை. ஒரு கை தண்ணீர் போதும். எந்தக் கரையில் ஏறினாலும் மற்றவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குனிந்து, கழுவிய காலையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன்.