டேங்குக்குப் பின்னால் இருந்தது

ஒரு வாரமாக என் பழைய காரின் ஸ்டீயரிங் இறுகிக்கொண்டே வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் யூ டர்ன் எடுத்தால் தோள் வலித்தது. பவர் ஸ்டீயரிங் ஆயில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்க் அடியில் விரிசல் விட்டு ஒழுகுகிறது என்று தெரிந்ததும், நாமே மாற்றிவிடலாம் என்று புது டேங்க் வாங்கிவந்தேன்.

ஞாயிறு காலை, தாம்பரம் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்தேன். பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சினேன். சிவப்பாக இருக்கவேண்டியது சாக்கடைக் கறுப்பாக, கருகல் வாடையோடு வந்தது. குழாய்களைக் கழற்றியதும் மிச்சம் முழங்கை வரை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டேங்கை இழுத்தேன். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு செத்த எலியும் வந்தது. பாதிதான் வந்தது.

காம்பவுண்டு ஓரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். கோவளத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். “இன்னா, ஒரு எலிக்கா இப்படி?” என்றவள், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு மீதியைப் பிடுங்கி எடுத்தாள். வால் தனியாக வந்தது. அதைக் காகிதத்தில் சுருட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்போ மீன் நாத்தம் இல்ல.”

இரண்டு மாதமாக ஏசி போட்டாலே காருக்குள் நாறியது. அவள் அம்மா கொடுத்தனுப்பும் மீன்தான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். “இனிமே மீனைக் கார்ல ஏத்தாத” என்று அந்த அம்மாவின் எதிரிலேயே சொன்னேன். அன்றிலிருந்து மனைவி மீன் பையோடு பஸ்ஸில்தான் வந்தாள்.



“தப்புதான்” என்றேன்.

“எங்கிட்ட எதுக்கு? எங்கம்மாகிட்ட சொல்லுங்க.”

அந்த இடத்தைப் பினாயில் விட்டுத் தேய்த்தேன். புது டேங்கைப் பொருத்தி ஆயில் ஊற்றினேன். அவள் வண்டியை ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுக்கத் திருப்ப, குமிழி அடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒழுகவில்லை. ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது.

மதியம் கோவளம் போனோம். மாமியாரிடம் எலியைப் பற்றிச் சொன்னேன்; அன்று அப்படிப் பேசியது தப்பு என்றும் சொன்னேன்.  அவர் தட்டை எடுத்து வைத்தார்.

“கைய நல்லா கழுவினீங்களா மாப்ள?”

நாலு தடவை கழுவியிருந்தேன். குழம்பு ஊற்றிப் பிசைந்தபோதும் விரலிடுக்கில் அந்தக் கருகல் வாடை இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.