மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இந்த நாட்டுக்கு வந்தபின் நயாகராவுக்கு அப்பால் எங்கும் போயிராத சின்னம்மா பிரேசிலுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அம்மாவின் ஒரே தங்கை. ரூஜ் என்ற புறநகரில் எங்களோடுதான் இருந்தார். மிசிசாகாவில், விமானச் சரக்கு அலுவலகமொன்றில் வேலை.

“கடற்கரைக்கோ?” என்றார் அப்பா.

“இல்லை அத்தான். உள்ளுக்கை, மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். பழைய தேவாலயங்கள் இருக்காம். சாப்பாடும் நல்லதாம். நாலு நாள்தான்.”

கடலே இல்லாத ஊரைப் பார்க்க ஒருவர் ஏன் பிரேசில் வரை போகவேண்டுமென்று அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

என் கையெழுத்து அழகென்று சின்னம்மா பயணத் திட்டத்தை என்னைக்கொண்டே எழுதுவித்தார். முதல் நாள், மரவள்ளி மாவில் சீஸ் சேர்த்துச் சுட்ட பணிஸ். இரண்டாம் நாள் தேவாலயங்கள், சந்தை, வெள்ளைச் சீஸோடு கொய்யாப்பழ அல்வா. மூன்றாம் நாளுக்கு வந்ததும் சின்னம்மா என் பேனையைப் பிடித்து நிறுத்தினார்.

“மத்தியானச் சாப்பாடு எண்டு மட்டும் எழுது.”

“எந்த ரெஸ்ரோரன்ட்?”

“ஒரு அம்மா சமைப்பா.”

அதுதான் கடையின் பெயராக்கும் என்று அப்படியே எழுதிவைத்தேன்.

பிறகு ஃபோனைப் பார்த்துப் போர்த்துக்கீசம் பழகினார். நன்றி, சாப்பாடு நல்ல ருசி என்பதெல்லாம் சரி. ஆனால் ஒரு வசனத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னவென்று கேட்டேன். “எனக்கு அம்மா அப்பா இல்லை, ஒரு அக்காதான் இருக்கிறா” என்றார்.

என் குழப்பத்தை அடுத்த நாள் புட்டுச் சாப்பிடும்போது அவிழ்த்துவிட்டேன். “சாப்பாட்டுக் கடையிலை ஏன் அம்மா அப்பா இல்லையெண்டு சொல்லோணும்?”

அப்பாவின் கை கோப்பையிலேயே நின்றது.

“ஆர் வீட்டை போறாய்?” என்று அம்மா சின்னம்மாவைக் கேட்டார்.

“என்னோடை வேலை செய்யிறவற்றை தாய் வீட்டை, அக்கா. அவரும் வாறார்.”

கை கழுவப் போன அப்பா மேசைக்குத் திரும்பவில்லை. மூன்று நாட்கள் வீட்டில் யாரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. என்னை யாரும் ஏசாதது இன்னும் பயமாக இருந்தது. சின்னம்மா பாதி அடுக்கிய சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

புறப்படவேண்டிய நாள் காலையில் அம்மா அதை வெளியே இழுத்து, மடிப்புக் கலையாத பட்டுச்சீலை ஒன்றை உள்ளே வைத்தார்.

“அந்த மனிசியிட்டைக் குடு. அக்கா தந்துவிட்டதெண்டு சொல்லு. எங்கடை பக்கத்தாலை வெறுங்கையோடை போகக்கூடாது.”

சின்னம்மா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா போய்க் காரை எடுத்தார்.

விமான நிலைய வாசலில் உயரமான ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து சூட்கேசை வாங்கிக்கொண்டார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவருடைய கையைப் பிடித்தவர், நெடுநேரம் விடவேயில்லை. பெட்டி தூக்க வந்தவருக்குப் போய் அப்பா ஏன் இவ்வளவு நேரம் கைகொடுக்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.