சம்பந்தி உட்கார்ந்த பிறகு

என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொல்வதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதும் பேத்தியிடம், நீயே போட்டுக்கொள் என்றேன். நெல்லையப்பன் என்று போட்டிருக்கிறாளாம். சரியாகத்தான் இருக்கும்.

அவர் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. தம்பானூர் ரயில் நிலையத்தில் தபால் பிரிக்கிற ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியில் வரும் மூட்டைகளை அவிழ்த்து, ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்துக் கட்டுகிற வேலை. எங்கள் வீடு கரமனையில். வீரவநல்லூரில் இருந்து என் அம்மா வீட்டுக் கடிதங்களும் அவர் கை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு நாளாவது அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாரா என்றால், கிடையாது. கரமனைக் கட்டில் சேர்த்துவிட்டு வெறுங்கையோடு வருவார். மறுநாள் தபால்காரர் வந்து கொடுப்பார்.

ஒரு தடவை சாயங்காலம் வந்தவர், “ஏளா, ஊருக்குப் போகத் துணிமணி எடுத்து வை” என்றார். எதுக்கு என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை. மறுநாள் தபால்காரர் ஒரு கார்டு கொண்டு வந்தார். என் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று எழுதியிருந்தது. முந்தின நாளே இவர் அதைப் பார்த்திருக்கிறார்! பஸ்ஸில் நாகர்கோவில் தாண்டும்வரை நான் அவரை ஏசிக்கொண்டே போனேன். “எல்லாருக்கும் எப்படி வருதோ அப்படித்தானே நமக்கும் வரணும்” என்று அதற்கு ஒரு பதில். அப்படிப்பட்ட மனிதர்.

எங்களுக்கு ஒரே மகள், பாகீரதி. தொண்ணூற்றாறில் அவளைச் செல்வகணேஷுக்குக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்குப் பாங்கில் வேலை. அவர் அப்பா அழகியநம்பி அட்டைப்பெட்டிக் கம்பெனி நடத்தினார். சாலைக் கடைத்தெருவில் காகிதக் கடை வைத்து மேலே வந்தவர். கண்டவரெல்லாம் பங்கு விற்ற அந்த நாளில் அவரும் ஊராரிடம் பங்கு விற்று, தென்பொருநை பேக்கேஜிங் லிமிடெட் என்று பேர் வைத்தார். கல்யாணத்தின்போது என் பேரிலும் கொஞ்சம் பங்கு எழுதித் தந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மாப்பிள்ளைக்கு அப்பா.

எங்கள் ஆட்களில் பெண்ணைக் கொடுத்தவன் எப்படி நடப்பான் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சம்பந்தி வந்தால் எழுந்து நிற்பான். தோளில் கிடக்கும் நேரியலை எடுத்துக் கையில் மடித்துக்கொள்வான். அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவான். அவர் என்ன சொன்னாலும், “ஆகட்டும் சம்பந்தி.” இவரும் அப்படித்தான் இருந்தார். இதில் எனக்கு இன்றைக்கும் குறையில்லை. பெண் அந்த வீட்டில் இருக்கிறாள் அல்லவா?

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு நாள் சம்பந்தி வெற்றிலை பாக்கு பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏதோ விசேஷத்துக்கு அழைக்க வருகிறார் என்று நினைத்தேன்.

“பங்குச் சந்தையில புதுசா ஒரு விதி போட்டிருக்கான்” என்றார். “கம்பெனி டைரக்டர்கள்ள பாதிப் பேரு நமக்கு ஒட்டு உறவு இல்லாத ஆளா இருக்கணுமாம். சுதந்திர டைரக்டராம். நாங்க எடுக்கிற முடிவு சரியா தப்பான்னு அவங்க கேக்கணுமாம். யாரு யாருங்கிறதையும் வருஷப் புத்தகத்துல அச்சடிச்சுக் காட்டணும். உம்மைப் போல நேர்மையான ஆள் எனக்கு வேற யாரு இருக்கா? நீரே வாரும்.”

“நான் உறவுல்லா சம்பந்தி?”

“வக்கீல்ட்ட கேட்டாச்சு வே. சட்டத்துல நீரு உறவு இல்லை.”

நின்றபடியே இவர், “ஆகட்டும் சம்பந்தி” என்றார். வேறு என்ன சொல்வார்?

கூட்டம் தம்பானூரில் ஒரு ஓட்டல் அறையில் நடக்கும். முதல் கூட்டத்தில் மற்ற டைரக்டர்கள் எல்லாம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் நாற்காலிப் பக்கத்தில் நின்றாராம். தலைவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாராம். அங்கே இருந்த டாக்டர் ஒருவர், “சாரே, இது ஸ்கூல் அல்ல” என்று சிரித்தாராம். வந்து என்னிடம் சொல்லி இவரும் சிரித்தார்.

அடுத்த கூட்டத்துக்குப் போய்வந்த அன்று சிரிப்பில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டுச் சும்மா இருந்தார்.

“என்னாச்சு?”

“சாலையில சம்பந்தியம்மா பேருல ஒரு கிட்டங்கி இருக்குல்லா? சரக்கு அடுக்கி வைக்க அதைக் கம்பெனி வாடகைக்கு எடுக்குது. ஆட்சேபணை உண்டான்னு கேட்டாரு.”

“எடுத்தா எடுக்கட்டும்.”

“கோமதி, அந்தத் தகரம் ஒழுகும். நான் உள்ள போய்ப் பார்த்திருக்கேன். இடவப்பாதி மழை ஒண்ணு பெஞ்சா அட்டை பூரா கூழாப் போயிரும்.”

“அதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“யாருகிட்ட? சம்பந்தியம்மா சொத்து. நாக்கு வரைக்கும் வந்துது. அப்புறம் பார்த்தா, ஆகட்டும் சம்பந்தின்னு சொல்லிருக்கேன்.”

டாக்டருக்கும் மற்றவர்களுக்கும் கிட்டங்கி யாருடையது என்று தெரியும், ஒழுகும் என்று தெரியாது. தெரிந்தவர் வாய்க்குத்தான் பூட்டு. இதற்காகவா ஒரு மனிதர் சோற்றை வைத்துவிட்டு எழுந்திருப்பார் என்று எனக்குக் கோபம். ஆனால் எழுந்துவிட்டார்.

வருஷப் புத்தகம் அச்சுக்குப் போகிற சமயம், கம்பெனி செக்ரட்டரி ஸ்மிதா ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். மலையாளத்துப் பெண், சின்ன வயசு, மரியாதை தெரிந்தவள். தலைவருக்கும் தனக்கும் உறவோ வியாபாரமோ இல்லை என்று இவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“இதுல சம்பந்தின்னு ஒரு வரி சேருங்கோ மக்களே” என்றார் இவர்.

“சாரே, நியமத்துல உறவுக்காரங்க லிஸ்ட் உண்டு. மருமகன் உண்டு, மருமகள் உண்டு. மருமகனோட அச்சன் இல்லை. ஞான் மூணு தடவை நோக்கி.”

“சட்டத்துல இல்லாட்டா? எங்க தெருவுல இருக்கே.”

“தெருவோட நியமம் புக்ல போட ஒக்குமோ சாரே?” என்று அவள் பாவமாகக் கேட்டாள். “வரி சேர்த்தா, பின்னே சார் எதுக்கு சுதந்திர டைரக்டர்னு சந்தைக்காரர் கேப்பாங்க. சேர்மன் எங்கிட்ட தேஷ்யப்பட்டுச் சத்தம் போடுவார்.”

நான் நடுவில் புகுந்தேன். பாகீரதிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் வயிற்றில் பிள்ளை. ஐப்பசியில் வளைகாப்பு. முடிந்த கையோடு பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அனுப்புவதும் அனுப்பாததும் சம்பந்தி வாயில் இருக்கிறது. நன்றாக இருக்கிற நேரத்தில் மனஸ்தாபம் வேண்டுமா?

“சட்டமே இல்லைங்குது. நீங்க என்ன சட்டத்துக்கு மேலயா? போடுங்க” என்றேன்.

போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை ஸ்மிதாவிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் பங்குதாரர் கூட்டம். பங்கு இருப்பதால் நானும் போகலாம். போகிற வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கச் செய்தேன். இவர் இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் வேண்டுதல். இவரை டைரக்டர்கள் போட்டார்களே தவிர, பங்குதாரர்கள் கை தூக்கி உறுதி செய்ய வேண்டியது அன்றைக்குத்தான்.

மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. வந்தவர்களிலும் பாதிப் பேர் வடைக்கு வந்தவர்கள். மேடையில் டைரக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் மைக். சம்பந்தி கொஞ்சம் பிந்தி வந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததும், எல்லாரும் உட்கார்ந்தபடி இருக்க, இவர் எழுந்தார். நேரியலை எடுத்துக் கையில் மடித்தார்.

“வாங்க சம்பந்தி, வாங்க!”

மைக் அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோனது.

வேண்டுமென்றே செய்தார் என்று பிறகு பலர் சொன்னார்கள். இல்லை. எனக்குத் தெரியும். சொன்ன அடுத்த நிமிஷம் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஏழு வருஷமாகக் கால் பழகியது, எழுந்துவிட்டது.

முன்வரிசையில் எலிசாள் என்று ஒரு அம்மாள். மார்த்தாண்டத்துப் பக்கம், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுப் பணத்தில் பங்கு வாங்கியவள் என்பதால் ஒரு கூட்டம் விடமாட்டாள். குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

“சேர்மன் சாரே, ஒரு சம்சயம். இவரு ஒமக்கு சம்பந்தியா? புக்குல சுதந்திரம்னுல்லா போட்டிருக்கு?”

“அது வீட்டு விஷயம்மா” என்றார் சம்பந்தி. “சட்டப்படி உறவில்லை. ஸ்மிதா, வாசிச்சுக் காட்டு.”

ஸ்மிதா வாசித்தாள். எலிசாள் முழுக்கக் கேட்டாள்.

“சட்டம் நல்லாத்தான் இருக்கு மோளே. ஆனா பொண்ணு குடுத்தவன் மாப்பிள்ளை வீட்டுக்காரன்கிட்ட நிமிந்து பேசி இந்த மண்டபத்துல யாராவது பாத்திருக்கியளா?”

மண்டபமே சிரித்தது. வடைக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். எலிசாள் சிரிக்கவில்லை. இவரைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. இவரு சொன்னதுக்கு என்னைக்காவது வேண்டாம்னு சொல்லிருக்கியளா? சொல்ல முடியுமா?”

நான் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். பார்த்தார். பார்த்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“இல்லைம்மா. சொல்லலை. சொல்லவும் முடியாது. பொண்ணைக் குடுத்திருக்கேன். சாலையில எடுத்த கிட்டங்கி சம்பந்தியம்மாவோடது. அது ஒழுகும். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலை. இந்த நாற்காலியில வாய் திறக்கிற ஆளு உக்காரணும். என்னை விட்டுருங்க.”

சம்பந்தியின் காது சிவந்துவிட்டது. அவர் முகம் கடுத்துச் சொன்னார்: “ஓட்டுக்கு விடுதேன். இவரு வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க.”

ஒரு கை எழுந்தது. என் கை. இவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் இறக்கவில்லை. அவரை வேண்டாம் என்று சொல்ல என் கைக்குத் தெரியாது. எலிசாள்கூடத் திரும்பிப் பார்த்து, “அது சரி” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து பேச்சில்லை. போன் வரவில்லை. நாங்கள் பண்ணினால் பாகீரதி எடுத்து, “நல்லாருக்கேன்மா” என்று சொல்லி வைத்துவிடுவாள். பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று குரலிலேயே தெரியும். நான் இவரிடம் ஒழுங்காகப் பேசவில்லை. பேசினால், “நான் தேங்காய் உடைச்சது வீணாப் போச்சு” என்பதுதான் பேச்சு.

ஐப்பசியில் குறித்த நாள் வந்தது. அழைப்பு இல்லாவிட்டாலும் போக வேண்டியது நம் முறை. வளையல், ஐந்து வகைச் சோறு, சீர்த்தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். சம்பந்தி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. இவர் நேரியலை மடித்துக்கொண்டு நின்றார். நானும் தட்டோடு நின்றேன். பாகீரதி அறை வாசலில் நின்று எங்களையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள் பகவதியம்மாள்தான் முதலில் வந்தாள். “தட்டை இப்படிக் குடுங்க மதினி, கை வலிக்கும்” என்று வாங்கி வைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “மழை பெஞ்சு கிட்டங்கியில பெட்டியெல்லாம் நனைஞ்சது இவங்க சொன்னதாலயா நனைஞ்சுது?”

சம்பந்தி செருமிக்கொண்டார்.

“உம்ம இடத்துல ஒரு கொல்லத்துக்காரரைப் போட்டிருக்கேன் வே” என்றார் இவரைப் பார்த்து. “ரிட்டையர்டு எஞ்சினியர். நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் நாளே ஏணி வச்சுக் கிட்டங்கி கூரையில ஏறிட்டான். காலி பண்ணச் சொல்லுதான். எதைச் சொன்னாலும் ஏன்னு கேக்கான். எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும் போல இருக்கு.”

“ஆகட்டும் சம்பந்தி” என்றார் இவர்.

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “உக்காரும் வே. இங்க ஓட்டெடுப்பு கிடையாது.”

வளையல் போட்டோம். பொழுது சாய்வதற்குள் பாகீரதியை அனுப்பினார்கள். சம்பந்தி வாசல் வரை வரவில்லை, அது உண்மை. கோபம் முழுக்க ஆறப் பிள்ளைக்குப் பேரிடுகிற நாள் வரை ஆயிற்று. அந்தப் பிள்ளைதான் இப்போது இதை எழுதுகிறாள்.

ஆட்டோ கரமனைப் பாலம் ஏறும்போது பாகீரதி கேட்டாள்: “அப்பா, அந்தம்மா கேட்டப்போ சும்மா இருந்திருக்கலாம்லா? நான் இத்தனை நாளும் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருந்தேன்.”

இவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்காத வரைக்கும் சும்மாத்தான் இருந்தேன் பிள்ளே” என்றார். “கேட்டுட்டாங்களே.”

சும்மா இருந்திருக்கலாம் என்றுதான் நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இன்னொரு தடவை ஓட்டுக்கு விட்டாலும் கையைத் தூக்குவேன்.