பித்தளை டேங்கில் ஓர் ஓட்டை

சனிக்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, அம்மா விடியக்காலையில போயிட்டாங்க" என்றாள் மனோன்மணி டீச்சரின் மகள் செல்வி. பால் வைத்திருந்த கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்று அழுதேன். அவரை நினைத்து அழ என் வீட்டில் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

எண்பதுகளில் திண்டிவனம் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தையல் டீச்சர். தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவார். கேஸுக்குப் பதிந்துவிட்டு எல்லோரும் வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. காற்றடித்து எரிக்கும் எங்கள் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் எது தேய்ந்தாலும் அவரிடம்தான் போவோம். பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி, ஒரு டப்பாவில் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, பம்புக்கு வாஷர் செய்து தருவார். அந்த டப்பாவைச் சாப்பாட்டு வேளையில் திறந்து, நார்த்தங்காய் ஊறுகாய் என்று நினைத்துத் தொட்டு நக்கியவர் எங்கள் வரலாற்று டீச்சர். "சாப்புடுங்க டீச்சர், நல்லா பிரஷர் ஏறும்" என்றார் மனோன்மணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

என்னுடையது பித்தளை ஸ்டவ். கல்யாணச் சீராக அம்மா வாங்கித் தந்தது. ஒருநாள் அதில் காற்று ஏறவில்லை என்று அவரை வீட்டுக்கு அழைத்தேன். டேங்க் அடியில் கசிவதையும், மூன்று மாதமாக அதன்மேல் பார் சோப்பைத் தேய்த்து அடைத்து ஓட்டுவதையும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்று தெரியும். அதுவுமில்லாமல், அன்று சோப்பு தேய்க்காத வீடு எது?

வாஷரை மாற்றினார். ஸ்டவ் பின்னைக் குத்தி, பர்னர் நிப்பிளின் அடைப்பை எடுத்தார். பிறகு ஸ்டவ்வைத் தூக்கி அடியைப் பார்த்தார். கொண்டை ஊசியால் சோப்பைச் சுரண்டியதும் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு திரண்டது. தவழ்கிற வயதில் இருந்த என் மகள் பக்கத்திலேயே கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்த வெச்சிக்கினு, கொழந்தையயும் பக்கத்துல விட்டுக்கினா சமைக்கிறீங்க?"

"கேஸ் வர்ற வரைக்கும்தானே டீச்சர்!"

"வாஷர் போனா சமையல் லேட்டாவும். டேங்க் போனா ஆளே போயிடும்."

எண்ணெயைப் பாட்டிலில் வடித்தார். டேங்கைக் கொல்லைக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றி அலசினார். இன்னும் கழுவத்தான் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அதன்மேல் ஓர் ஆணியை வைத்து அம்மிக் குழவியால் ஓங்கி அடித்துவிட்டார்.

"யாரைக் கேட்டு அடிச்சீங்க? எங்கம்மா குடுத்தது!" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன்.

"இல்லன்னா நாளைக்கும் சோப்பு தேய்ப்பீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலிக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே புதுத் திரி போட்ட திரி ஸ்டவ். "எங்க வூட்டுல சும்மாத்தான் கெடக்குது, எடுத்துக்கினு போங்க" என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. என் கோபம் தீர ஒரு மாதம் ஆனது. கேஸ் வந்த பிறகுதான் அந்த ஸ்டவ்வைத் திருப்பிக் கொடுத்தேன்.

துக்கத்துக்குப் போனபோது செல்வியிடம் இதைச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சும்மா கெடந்துதா? எங்க வூட்டுல இருந்ததே அந்த ஒண்ணுதான் ஆன்ட்டி. அந்த வருஷம் பூரா அம்மா மல்லாட்டைத் தோலு போட்டு அடுப்பு எரிச்சி, கண்ணத் தொடச்சிக்கினே ரயிலுக்கு ஓடுவாங்க."

வேர்க்கடலைத் தோல் எப்படிப் புகையும் என்று எனக்குத் தெரியும். டீச்சர் இருக்கும்போதே தெரிந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அந்த டேங்க் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. முதலில் கோபத்தில் வைத்திருந்தேன். பிறகு பழைய பித்தளைக்குப் போட மனம் வரவில்லை. விழுப்புரத்துக்கு என்னைக் காரில் கூட்டிப்போனவள், அன்று அடுப்படியில் கரண்டி தட்டிக்கொண்டிருந்த என் மகள். அந்த ஓட்டையும் இவளும்தான் மனோன்மணி டீச்சர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவை.