சின்ன மிஸ்ஸி இல்லாத ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வேம்பின் தாழ்ந்த கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு மணியாகத் தொங்கியது. பக்கத்தில் ஒரு கம்பியைக் கயிற்றில் கட்டி விட்டிருந்தார்கள். நோயாளியைக் கொண்டு வருகிறவர்கள் வண்டிலை நிறுத்தியதும் முதற்காரியமாக அந்தக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் அடிப்பார்கள். சத்தம் கேட்டு வாட்டுக்குள் இருந்தோ பின்வளவுக் குவாட்டேர்ஸில் இருந்தோ மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி வருவா. அடிக்காமல் ஒருவரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் நெடுங்கேணிப் பக்கத்துச் சனத்துக்கு அது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல ஊறிப்போன முறை. பிள்ளைக்கு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடி வருகிற தாய்கூட, ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி மற்றக் கையால் கம்பியைத் தேடுவாள். எனக்கென்றால் அந்தச் சத்தம் கேட்டாலே எங்கேயாவது ஒளித்துக்கொள்ளத் தோன்றும். ஏனென்றால் நான் அந்த ஆஸ்பத்திரியின் அம்புலன்ஸ் சாரதி. இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றுகிற அம்புலன்ஸ் சாரதி. வேலைக்கு எடுத்தவர்கள் வாகனம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்களே தவிர, பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் உண்டா என்று கேட்கவில்லை.

மிஸ்ஸியை எல்லாரும் பெரிய மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். சின்ன மிஸ்ஸி என்று ஒருவர் அங்கே இருந்ததே இல்லை. அந்தப் பகிடி எனக்கு விளங்கவே சில வருடம் பிடித்தது. ஆண் வாட், பெண் வாட், பிரசவ அறை, மருந்து கட்டும் அறை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தாதி. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவ. தகப்பனும் தமையன்மாரும் கடற்றொழில். மெலிந்த ஆள், ஆனால் குரல் கடற்காற்றுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். பஸ் ஏறினால் அரை நாளில் வீடு. ஆனால் அவவுக்குப் பதிலாக நிற்க ஆள் இல்லாதபடியால் கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பூசைக்குக்கூட வீட்டுக்குப் போனதில்லை. நத்தாரன்று ஒரு கேக் துண்டை எனக்குத் தந்துவிட்டு, "றைவர், நீர் தின்னும். நான் தின்னத் தொடங்கினால் உடனை ஆரும் மணியடிப்பாங்கள்" என்பா. சொல்லி வாய் மூடமுதல் அடிப்பார்கள். மாட்டைக் காணவில்லை என்று ஒருவன் அடித்ததும் உண்டு. ஆஸ்பத்திரி மணி அடித்தால் ஊரே வந்து தேடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

நெல் அரிவு வெட்டு நடந்த காலத்தில் ஒரு பின்னேரம் அவ பிரசவ அறையில் இருந்தா. பிள்ளையின் கை முன்னால் வந்துவிட்ட பிரசவம். டொக்டர் ஐயா வவுனியாவில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அப்போது மணி அடித்தது. வயலில் பாம்பு கடித்த ஒருவனைக் கொண்டு வந்திருந்தார்கள். மிஸ்ஸி உள்ளேயிருந்து கத்திக் கத்திச் சொன்னா: கட்டுப் போடு, படுக்க வை, ஆட்டாதே, அம்புலன்ஸை ஸ்ராட் பண்ணு. எனக்கும் கங்காணியாருக்கும் காது கேட்டது, கை கேட்கவில்லை. கங்காணியார் என்றால் ஆஸ்பத்திரியின் கூட்டுகிற, தூக்குகிற ஆட்களுக்கு மேலாள்; அவரும் என்னைப் போலவே பதறுகிற சாதி. அம்புலன்ஸோ தள்ளினால்தான் ஓடும். நாங்கள் தள்ளிக்கொண்டு நிற்க, விறாந்தை வாங்கில் படுத்திருந்த அந்த மனிசனின் மூச்சு நின்றுவிட்டது. அறைக்குள் தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மிஸ்ஸி வெளியே வந்து வாங்கைப் பார்த்தா. அழவில்லை. ஈரக் கையைத் துடைக்கவும் இல்லை. "என்னை ரெண்டாய்க் கிழிக்கேலாதே, றைவர்" என்று மட்டும் சொன்னா.

அடுத்த கிழமை தாதிமார் சங்கத்தில் சேர்ந்தா. அதற்கு முதல் இன்னொரு தாதி கேட்டு அவ எழுதியவை எல்லாம் டொக்டர் ஐயாவின் மேசையைத் தாண்டிப் போனதில்லை. ஐயா கெட்டிக்காரர், கைராசிக்காரர், தன் ஆஸ்பத்திரியில் குறை இருக்கிறதென்று மேலிடத்துக்குச் சொல்ல வெட்கப்படுகிறவர். சங்கச் செய்தி கேட்டதும் விறாந்தையில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்:

"மிஸ்ஸி, இது சேவை. சேவைக்குச் சங்கம் எதுக்கு?"

"சேவைக்குத்தான் ஐயா இன்னொரு ஆளைக் கேக்கிறன். எனக்குக் கால் அமத்திவிடக் கேக்கேல்லை."

நான் சிரித்துவிட்டேன். ஐயா திரும்பிப் பார்த்தார். உடனே இருமினேன். அன்று முழுக்க இருமவேண்டியதாகிவிட்டது; கடைசியில் மிஸ்ஸி எனக்கு இருமல் மருந்து தந்தா. அதையும் குடித்தேன்.

சங்கம் என்றால் தேவதூதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய பட்டினத்து ஆஸ்பத்திரிகளின் வழக்குகள்தான் அவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டன. எங்கள் காட்டு ஆஸ்பத்திரியின் பெயரைக் கூட்டத்தில் மூன்று விதமாகப் பிழையாக உச்சரித்தார்களாம். மிஸ்ஸியே வந்து சொல்லிச் சினந்தா. ஆனாலும் கேட்டுக் கேட்டு, கோரிக்கைகளின் வாலிலாவது "கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டு தாதிமார்" என்பதைச் சேர்த்துவிட்டா. அதற்குக் கொடுத்த விலை, ஒருநாள் வேலைநிறுத்தம் என்று சங்கம் அறிவித்தபோது தானும் வேலையை நிறுத்தவேண்டி வந்ததுதான். காய்ச்சல் காலம், வாட் நிறைந்து கிடந்தது. "இந்த முறை மட்டும் விடுங்கோவன், மிஸ்ஸி" என்று கெஞ்சினேன். என் கவலை நோயாளிகளைப் பற்றி என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம்.

"கூட்டத்திலை கையை உயர்த்திப்போட்டு வீட்டை வந்து மடக்கேலாது. ஆனால் பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் வருவம் எண்டுதான் சங்கத்தின்ரை முடிவு. நான் பிரசவ அறையிலைதான் இருப்பன். தொப்பி மட்டும் போடமாட்டன். மணி கேட்டால் வருவன்."

அந்த ஒரு நாளும் விடிந்தது. மிஸ்ஸி தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, சுடுதண்ணீரும் துணியும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, பின்பக்கத்துப் பிரசவ அறையில் போய் இருந்தா. டொக்டர் ஐயா வந்தார். வேம்பைப் பார்த்தார். கங்காணியாரைக் கூப்பிட்டு, "உதைக் கழட்டு. ஸ்ரைக் எண்டால் ஸ்ரைக்தான், எல்லாரும் பாக்கட்டும்" என்றார். தண்டவாளத்தையும் கம்பியையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். மிஸ்ஸிக்குத் தெரியாது. தன் கையால் ஒரு நோயாளியைத் தடுக்காமல், ஒரு சொல் பொய் சொல்லாமல், அந்த மனிசன் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார். இதை எழுதும்போதும் பேனையை அழுத்தித் தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்றால், அம்புலன்ஸுக்கு அடியில். எதையும் திருத்தவில்லை. ஐயாவின் கண்ணிலும் படக்கூடாது, வேலைநிறுத்தக்காரர் கண்ணிலும் படக்கூடாது என்று ஒரு ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தேன். தலைக்கு மேலே என்னதான் கழற்றினார்கள் என்றுகூட அப்போது பார்க்கவில்லை. வெயில் ஏறிய நேரம் உழவு இயந்திரமொன்று வந்து நின்றது. கீழேயிருந்து எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. சேறு காய்ந்த ஆணின் கால்கள். ஒரு கிழவியின் கால்கள். நடுவில் ஒரு பெண்ணின் கால்கள். அவை நிற்க முடியாமல் மடங்கின, கணுக்காலால் தண்ணீர் வழிந்தது.

"மணியைக் காணேல்லை" என்றது ஆணின் குரல்.

"அப்ப மிஸ்ஸி இல்லைப்போலை" என்றாள் கிழவி.

"வவுனியாவுக்குக் கொண்டு போவமோ?"

கதவு திறந்திருந்தது. இருபது முப்பது அடிக்குள் மிஸ்ஸி தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டு காது கொடுத்தபடி இருக்கிறா. இவர்களோ மணி இல்லாத கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பீர்கள். மணி இல்லையென்றால் ஆஸ்பத்திரி இல்லை; அப்படித்தான் அந்தச் சனம் பழகியிருந்தது. அதை ஐயா எங்கள் எல்லாரையும்விட நன்றாக அறிந்திருந்தார். காட்டு றோட்டில் உழவு இயந்திரப் பெட்டியில் வவுனியாவரை அந்தப் பெண் போயிருந்தால், போனது ஒரு பிணமாகத்தான் இருக்கும்.

நான் எழும்பினேன். வாகனத்துக்கு அடியில் படுத்திருப்பதை மறந்து எழும்பினேன். நெற்றி போய் இரும்பில் இடித்தது. கையால் தடவினால் இரத்தம், என்னுடைய சொந்த இரத்தம். அதற்குப் பிறகு நான் செய்தது எதுவும் யோசித்துச் செய்ததல்ல. ஊர்ந்து வெளியே வந்து, "ஐயோ அம்மா, செத்தன்!" என்று குழறிக்கொண்டு ஸ்பானரால் அம்புலன்ஸின் மட்காட்டில் அடித்தேன். அடித்தேன், அடித்தேன், தகரம் நெளியும்வரை அடித்தேன். தொப்பியில்லாத தலையுடன் மிஸ்ஸி பறந்து வந்தா. என் நெற்றியைப் பார்த்தா, அந்தப் பெண்ணைப் பார்த்தா, வெறும் கிளையைப் பார்த்தா. எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "நீர் சாகமாட்டீர், தள்ளும்!" என்று என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனா. நான் அங்கேயே மயங்கி விழுந்தேன். எழும்பியபோது அப்போதுதான் பிறந்த பெண்பிள்ளை ஒன்று உள்ளே வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

பிறகு விசாரணை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கர்ப்பிணியைக் காக்க வைத்ததாக மிஸ்ஸிமேல் பெட்டிசம். அதில் கைநாட்டு வைத்திருந்தவன் வேறு யாருமல்ல, அந்தப் பிள்ளையின் தகப்பன். கண்டபோது சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "டொக்டர் ஐயா கேக்கேக்கை என்னெண்டு மாட்டன் எண்டுறது, அண்ணை? நாளைக்கும் அங்கைதானே போகவேணும்" என்றான். இரண்டு உயிரையும் முழுதாக வீட்டுக்குக் கொண்டுபோனவன். அவனை நான் மன்னிக்கவில்லை. அவனை அப்படிப் பயந்து வாழ வைத்தவர்களை அதைவிடவும் மன்னிக்கவில்லை. விசாரணையில் ஒன்றும் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் நானும் போனேன். வேலை போய்விடும் என்ற பயம். ஆனால் விசாரிக்க வந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. எனக்குப் பதறினால் வாய் நிற்காது. மணியைக் கழற்றியது, கழற்றச் சொன்னது, மட்காட்டில் அடித்தது, இருமல் மருந்து குடித்தது, எல்லாம் கொட்டிவிட்டேன். சீவியத்தில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் நடுக்கத்தில் நடந்தது.

மிஸ்ஸிமேல் குற்றமில்லை என்றார்கள். குற்றமில்லாதவவுக்கு மலைநாட்டில் ஒரு சிங்கள மூலைக்கு மாற்றம் கொடுத்தார்கள், தமிழில் ஒரு சொல் கதைக்க ஆளில்லாத ஊர். ஐயாவுக்கு ஒன்றுமில்லை. சங்கம் வன்மையாகக் கண்டித்தது. கண்டனத்தில் ஏறி ஒருவர் ஊருக்குத் திரும்பி வரமுடியாது. மிஸ்ஸியை வவுனியா ஸ்ரேசனுக்கு அம்புலன்ஸிலேயே கொண்டுபோனேன். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

"உந்தச் சங்கத்திலை சேராமல் இருந்திருந்தால், மிஸ்ஸி?"

"இருந்திருந்தால் இஞ்சை இருந்திருப்பன்" என்றா. ரெயிலில் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினா. "தனிய இருந்திருப்பன்."

சில மாதத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தாதிமார் வந்தார்கள், சங்கம் கேட்டபடி. அந்த வருட நத்தாருக்கு ஒருத்தி நிற்க மற்றவள் வீட்டுக்குப் போனாள். பெரிய மிஸ்ஸியின் வீட்டில் அந்த வருடமும் அவவின் கதிரை வெறுமையாகத்தான் இருந்திருக்கும்.

பல வருடம் கழித்து, போன மாதம் நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. முடிந்தது கதை என்று மனிசியிடம் பிரியாவிடை சொல்லி, பிள்ளைகளை மன்னித்து, அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். வாய்வு என்றார்கள். கட்டிலில் படுத்திருக்கும்போது இரண்டு இளம் மிஸ்ஸிமார் வேலையைக் கைமாற்றிக்கொண்டு கதைப்பது கேட்டது. "சங்கத்துக்குச் சேரச் சொல்லி வந்தவை. எங்களுக்கு உதெல்லாம் எதுக்கடி, நாங்கள் பேசாமல் வேலை செய்யிற ஆக்கள்" என்றாள் வீட்டுக்குப் புறப்பட்டவள். நேரத்துக்கு, கைப்பையுடன், கையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் புறப்பட்டவள்.

வாய்வு பறந்துவிட்டது. எழும்பி வெளியே போனேன். பிறகு திரும்பக் கட்டிய தண்டவாளத் துண்டு அதே வேம்பில் கறள்பிடித்துத் தொங்குகிறது. இப்போது அதை ஒருவரும் தொடுவதில்லை. கம்பியை எடுத்து, இத்தனை வருட ஆத்திரத்தையும் சேர்த்து அடித்தேன். இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடிவந்தார்கள்.

"என்ன ஐயா, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, பிள்ளையள். அடிச்சால் ரெண்டு பேர் வருவியளோ எண்டு பாத்தனான்."