முதலில் மெஷின் பேசட்டும்

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஏசியை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பையைச் சுவரோரம் இறக்கிவைத்துவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து நிற்பார். வீட்டுக்காரர் பதறிப்போய், "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிச்சு..." என்று ஆரம்பித்தால் கையமர்த்திவிடுவார். "கொஞ்சம் சும்மா இருங்க சார். முதல்ல மெஷின் பேசட்டும். உங்க முறை அப்புறம்."

அவரை எல்லோரும் கூப்பிடுவது கூலிங் அக்கா என்று. குள்ளமான, உருண்ட உடம்பு. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. அதன் பையில் ஃபில்டர் தேய்க்க ஒரு பழைய பல் பிரஷ். சொந்த வீட்டில் மின்விசிறி மட்டும்தான். கேட்டால், "நாள் முழுக்க அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். வீட்டுக்கும் கூட்டிட்டு வரணுமா?" என்பார்.

ஏசி பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கத்தான் சேர்ந்தார். கத்துகிறவர்களிடம், "போனக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல வைங்கம்மா" என்பார். கடகடவென்றால் விசிறி இறக்கை. உம்மென்று முனகி நின்றால் கெப்பாசிட்டர். முதலில் சிரித்த மெக்கானிக்குகள், போகப் போக எந்தச் சாமானை எடுத்துப் போவது என்று அவரையே கேட்டார்கள். காதை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? நானும் ஸ்பேனர் பிடிக்கிறேன் என்று முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றார்.

"ஏணியில யாரும்மா ஏறுவா?"

"ஏணி தானா ஏறாது சார். நான்தான் ஏறணும்."

ஏறினார். ஒரு மழை நாளில் நனைந்த சன்ஷேடில் கால் வழுக்கி விழவும் செய்தார். வலது மணிக்கட்டு நொறுங்கியது. கம்பெனி மறுபடியும் போனையும் நாற்காலியையும் நீட்டியது. "பொழச்சதே பெருசு. இனிமே தரையில இருக்கிற வேலையப் பாரு" என்றார் மாமியார். கட்டுப் பிரித்த கையில் கரண்டிகூட நிற்கவில்லை.

நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து இடது கையைப் பழக்கினார். பள்ளி வேன் ஓட்டும் கணவர் வேலை முடிந்து வந்து காப்பர் குழாய்த் துண்டுகளைப் பிடித்துக்கொள்ள, இவர் நெருப்புக் காட்டி ஒட்டுவார். ஒட்டியதை ஒரு முனையை அடைத்துத் தண்ணீரில் அமுக்கி ஊதினால், ஒட்டு நிற்காத இடத்தில் குமிழி கிளம்பும்.

"மறுபடியும் லீக்."

"வெட்டுங்க. அடுத்தது எடுங்க."

இப்படியே வாரக்கணக்கில் வெட்டினார்கள், ஒட்டினார்கள். குமிழி வராத அன்றைக்குக் கணவர் குழாயை நேராகத் தன் அம்மாவிடம் கொண்டுபோனார். "நீயே ஊதிப் பாரும்மா." மாமியார் கன்னம் உப்ப ஊதினார், கண் பிதுங்க ஊதினார். தண்ணீர் அசையவில்லை. "சரி, போ. இன்னொரு தடவை விழுந்தா சோறு ஊட்ட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

இன்று கூலிங் அக்காவுக்குச் சொந்தக் கடை, இரண்டு வேன், ஆறு மெக்கானிக்குகள். புகார் போனை எடுப்பது கணவர். அவருக்கு எல்லா மெஷினும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

"ஏதோ கொர்ருங்குது."

"அது அவங்க வீட்டுக்காரர் குறட்டையா இருக்கும். நல்லாக் கேளுங்க."

உயரம் என்றால் அக்காவுக்கு இப்போதும் பயம்தான். அதை அவர் மறைப்பதுமில்லை. இந்தக் கோடையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடி மெஷின்கள் நான்கும் வரிசையாக நின்றுபோயின. பச்சைக் குழந்தைகள் வியர்த்து அழுதன. மெஷின்களின் வெளிப்பெட்டிகள் வெளிச்சுவரில், குறுகலான விளிம்புக்கு மேலே தொங்கின. இரண்டு கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவருடைய ஆட்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் போகாத இடத்துக்கு உங்கள எப்படி அனுப்புறது?" என்று பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே இறங்கினார்.

முதல் மெஷின் ஓடத் தொடங்கியதும் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி மேலாளர் தண்ணீர் நீட்டினார். "இந்த மாடிய முடிச்சுக் குடுங்கம்மா. இனிமே மொத்தக் கட்டடத்து ஏசியும் உங்க பொறுப்புதான். இன்னைக்கு ஒண்ணு போதும், மத்த மூணையும் நாளைக்குப் பாத்துக்கலாமே?"

அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டு, காலைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வைத்தார்.